வேகம் அவங்களுது, சுடுகாடு நம்மளுது

கோவிலம்பாக்கம் கிராம ஊராட்சிக்கு அதிகாரமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110வது பிரிவை எடுத்துப் படியுங்கள், நெஞ்சு நிமிரும். ஊர்ச் சாலைகளைப் போட்டுப் பராமரிக்க வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். வடிகால் கட்ட வேண்டும். தெருவைக் கூட்டிக் குப்பையை அள்ள வேண்டும். சுடுகாடும் இடுகாடும் அமைத்துக் காக்க வேண்டும். 'செய்யலாம்' என்று இழுக்கும் சமாச்சாரம் இல்லை, கடமை.

எவ்வளவு துழாவினாலும் அந்தப் பட்டியலில் கிடைக்காதது ஒன்று உண்டு. ஊருக்குள் ஓடும் வண்டி எந்த வேகத்தில் ஓடலாம் என்று சொல்லும் உரிமை. தண்ணி லாரி ஒருவரை அடித்துச் சாய்த்துவிட்டால் ஊராட்சி விளக்குப் பிடிக்கலாம், ரத்தத்தின் மேல் மணல் தூவிக் கூட்டலாம், கடைசியில் எரிக்க இடம் கொடுக்கலாம். அடிப்பதற்கு முந்தைய நிமிடத்தில் "கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்று சட்டப்படி சொல்ல அதற்கு வாய் கிடையாது. செத்த பிறகு நம் ஆள், சாகும்வரை மேலிடத்து ஆள். அதிகாரப் பகிர்வு என்பதை இதைவிடச் சுத்தமாக யாரும் செய்துவிட முடியாது.

அரசியலமைப்பைப் பார்ப்போம் என்பீர்கள். பார்ப்போம். 1993 ஏப்ரல் 24 முதல் நடப்புக்கு வந்த 73வது திருத்தம், பதினோராவது அட்டவணையில் 29 பொருள்களை அடுக்கி, இவற்றை ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்றது. அதில் 13வது, சாலைகள், சிறுபாலங்கள், பாலங்கள், படகுத்துறைகள். படகுத்துறையைக்கூட மறக்கவில்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் கோவிலம்பாக்கத்துக்கு அது தேவைப்படும் என்று யாரோ ஒரு தீர்க்கதரிசி அப்போதே யோசித்திருக்கிறார். ஆனால் சாலையின் மேல் ஓடும் வண்டி வேறு சாதி. இயந்திர வாகனங்கள் பொதுப் பட்டியலில் 35வது எண். அது தில்லிக்கும் கோட்டைக்கும் இடையிலான விவகாரம். தார் உன்னுடையது, டயர் எங்களுடையது என்று பங்கு பிரித்துவிட்டார்கள்.

டயரின் சட்டம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 112. ஒன்றிய அரசு உச்சவரம்பைப் போடும். அந்த வரம்புக்குக் கீழே, பொதுமக்கள் பாதுகாப்பு கருதியோ, சாலையின் தன்மை கருதியோ, மாநில அரசு அல்லது மாநில அரசு அதிகாரம் கொடுத்த அமைப்பு, அரசிதழில் அறிவித்து, பலகை நட்டு, வேகத்தைக் குறைக்கலாம். 'அதிகாரம் கொடுத்த அமைப்பு' என்ற இந்த மூன்றே சொல்லுக்குள் கோவிலம்பாக்கம் ஊராட்சியும் நுழைந்துவிடலாம். சட்டம் கதவைப் பூட்டவில்லை. சாவி கோட்டையில் தொங்குகிறது, எடுத்துக் கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

தில்லி போட்ட உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டால் நீங்கள் கொஞ்சம் உட்கார்ந்துகொள்வது நல்லது. 2018 ஏப்ரல் 6 அறிவிக்கையின்படி, நகராட்சி எல்லைக்குள் கார் 70 கிலோமீட்டர் போகலாம். இருசக்கர வண்டி 60, சரக்கு லாரி 60, ஆட்டோ 50. சரி, நாம் நகராட்சி இல்லையே, கிராமம்தானே, நமக்குக் குறைவாக இருக்கும் என்று நினைத்தால், 'இதர சாலைகள்' என்ற கட்டத்திலும் அதே 70, அதே 60, அதே 50. கிராமமாக இருந்தாலும், நாளை தாம்பரம் மாநகராட்சியில் சேர்த்தாலும், தில்லியின் கண்ணுக்கு நாம் ஒன்றே. சமத்துவம் இந்த நாட்டில் இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த அட்டவணையைப் பார்க்காதவர்கள்.

இதையும் ஒரு நீதிமன்றம் கேட்டது. காஞ்சிபுரம் பக்கம் நடந்த ஒரு விபத்தின் இழப்பீட்டு வழக்கில், 2021ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் கிருபாகரனும் தமிழ்ச்செல்வியும் அந்த 2018 அறிவிக்கையையே ரத்து செய்து, 2014 அறிவிக்கைக்குத் திரும்பச் சொன்னார்கள். விரைவுச் சாலையில் 120 வரை ஓட்டலாம் என்று ஏற்றியது அவர்களுக்கு உறுத்தியது. சில வாரங்களில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி ஒரு மேடையில், விரைவுச் சாலைக்கு 140 வரை இருக்கலாம் என்பது தன் கருத்து என்றார். நீதிபதிகள் குறை என்கிறார்கள், அமைச்சர் கூட்டு என்கிறார். இந்தக் கணக்கு வாத்தியார்களுக்கு நடுவில், கோவிலம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் கையில் குழந்தையோடு சாலையைக் கடக்க நிற்கும் பெண்மணியிடம் 'உனக்கு எவ்வளவும்மா தோதுப்படும்' என்று கேட்டவர் எவருமில்லை.

சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரங்கிமலையிலிருந்து மேடவாக்கம் போகும் சாலை. மடிப்பாக்கத்தில் நீங்கள் பெருநகர சென்னை மாநகராட்சியின் குடிமகன். கீழ்க்கட்டளை வந்ததும் தாம்பரம் மாநகராட்சி. ஈச்சங்காட்டில் பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி சாலையைத் தாண்டிக் கோவிலம்பாக்கத்துக்குள் நுழைந்தால் நீங்கள் திடீரென்று கிராமவாசி. பனியனை மாற்றாமல், வண்டியைவிட்டு இறங்காமல், சில நிமிடங்களில் இரண்டு மாநகரமும் ஒரு கிராமமும் பார்த்தாயிற்று. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் உருட்டித் தாம்பரம் மாநகராட்சி செய்தபோது இந்தக் கிராமம் வெளியே நின்றுவிட்டது. லிஃப்ட் வைத்த அடுக்குமாடிகள் நிற்கும் கிராமம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாவது வழித்தடத்தில், தன் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் வரப்போகும் கிராமம். ஊரின் தலைக்கு மேல் ரயில் ஓடும், ஊரின் நடுவே ஓடும் லாரிக்கு ஊர் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

அந்தச் சாலைக்கும் ஊருக்கும் பட்டா சம்பந்தம்கூட இல்லை. தார் நெடுஞ்சாலைத் துறையுடையது. நடுவில் நிற்கும் தடுப்பு மெட்ரோவுடையது. சிக்னல் காவல் துறையுடையது. பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. வண்டியின் எஃப்.சி.யும் பெர்மிட்டும் போக்குவரத்துத் துறையுடையது. ஓரத்தில் தேங்கும் சாக்கடை மட்டும் தயக்கமில்லாமல் ஊராட்சியுடையது, அதில் யாரும் பங்கு கேட்டு வந்ததில்லை.

பகலில் இந்தச் சாலையில் எந்த வரம்பும் தேவையில்லை என்பார்கள். உண்மைதான். காலை எட்டரைக்கு மெட்ரோ தடுப்புக்கும் கடை வாசல் ஸ்கூட்டருக்கும் நடுவில் நசுங்கி நிற்கையில், 70க்கு அனுமதி உண்டு என்று தில்லி 2018ல் சொன்னது நல்ல நகைச்சுவை. இங்கே நடைமுறையில் உள்ள வேகக் கட்டுப்பாடு பள்ளம். அதற்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டாம், பலகை வேண்டாம், மழைக்கு மழை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். சாலையில் நெரிசல் விலகும் நேரம்தான் எமன் வரும் நேரம். விடியற்காலை, பால் பாக்கெட்டுக்கு ஆள் நடக்கும் நேரம். இரவு பத்தரைக்கு மேல், ஷிஃப்ட் முடிந்து பைக்குகள் திரும்பும் நேரம். பகலெல்லாம் நத்தையாக ஊர்ந்த கடுப்பை டிரைவர்கள் அப்போது ஆக்ஸிலரேட்டரில் இறக்குகிறார்கள்.

அதிலும் தண்ணி லாரி. இந்தப் பக்கத்து ஊர்களின் நிலத்தடி நீர், கோவிலம்பாக்கம், நன்மங்கலம் என்று ஊர் ஊராக உறிஞ்சப்பட்டு, நகரத்தின் அடுக்குமாடிகளுக்கும் ஓட்டல்களுக்கும் கம்பெனிகளுக்கும் போகிறது. நம் ஊர்த் தண்ணீர், நம் ஊர்ச் சாலையில், நம் ஊர் ஆள் மேல் ஏறிப் போகிறது. டிரைவருக்குக் காசு டிரிப் கணக்கில். பன்னிரண்டாயிரம் லிட்டரோ, இருபத்து நாலாயிரமோ, ஒரு லோடு கூடப் போனால் ஒரு லோடு பேட்டா. ஆகவே கோவிலம்பாக்கத்தின் வேக வரம்பை நிர்ணயிக்கும் உண்மையான அதிகாரி யார் என்று கேட்டால், எந்தச் செயலரும் இல்லை, எந்த ஆணையரும் இல்லை, 'இன்னிக்கு எத்தனை டிரிப்பு' என்று நோட்டில் குறிக்கும் லாரி முதலாளிதான். அவர் அரசிதழில் அறிவிப்பதில்லை. பலகையும் நடுவதில்லை. ஆனால் அவருடைய உத்தரவு மட்டும் இந்தச் சாலையில் வரி பிசகாமல் நிறைவேறுகிறது. டிரைவரைத் திட்டிப் பயனில்லை. தூக்கம் கெட்டு, கிளீனர் இல்லாமல், தனியாக ஓட்டுகிற அந்த மனிதருக்கும் வீட்டில் குழந்தை இருக்கிறது.

வேகம் என்றால் என்ன என்று தெரியாதவர்கள்தான் பத்து கிலோமீட்டர் முன்னே பின்னே இருந்தால் என்ன என்பார்கள். 30ல் வரும் கார்க்காரர், பந்தின் பின்னால் ஓடிவரும் பிள்ளையைப் பார்த்து, திகைத்து, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குப் பதினேழு, பதினெட்டு மீட்டர் ஆகும். 60ல் வருபவர் அதே பதினெட்டு மீட்டரைத் திகைப்பிலேயே தீர்த்துவிடுவார். பிள்ளை நிற்கும் இடத்தை அடையும்போது அவர் கால் இன்னும் பிரேக்குக்குப் போயிருக்காது. வேகம் இரண்டு மடங்கு, மோதும் ஆற்றல் நாலு மடங்கு. இது கார். டேங்கில் பாதி தண்ணீர் அலையடித்துக்கொண்டு வரும் லாரிக்குக் கணக்கு இன்னும் கொடூரம். உள்ளே புரளும் தண்ணீர் பிரேக் பிடித்த பிறகும் முன்னே தள்ளும், வளைவில் பக்கவாட்டில் சாய்க்கும்.

2022ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884. நாளுக்கு நாற்பத்தொன்பது பேர். அந்த ஆண்டு நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தொருவர் அதிவேகத்தால் இறந்தார்கள் என்று ஒன்றிய அரசே அச்சடித்து வெளியிட்டது. அச்சடிப்பதில் அவர்களிடம் குறையே சொல்ல முடியாது.

2019 செப்டம்பர் 12. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பள்ளிக்கரணையில், அதே 200 அடி சாலையில், அன்றைய ஆளுங்கட்சியின் முன்னாள் கவுன்சிலர் வீட்டுத் திருமண பேனர், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பொறியாளர் மேல் விழுந்தது. நிலைகுலைந்து விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணி லாரி ஏறியது. நாடே கொதித்தது. கட்சிகள் வரிசையாக, இனி பேனர் வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டன. இனி இந்தச் சாலையில் தண்ணி லாரி இன்ன வேகத்துக்கு மேல் போக விடமாட்டோம் என்று எந்தக் கட்சியும் அறிக்கை விட்டதாக எனக்கு நினைவில்லை. பேனரில் தலைவர் படம் இருந்தது, அதனால் அது அரசியல். லாரியில் தண்ணீர்தானே இருந்தது.

2025 ஜூனில் பெரம்பூரில், தாயோடு ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன பத்து வயதுச் சிறுமி தண்ணி லாரிச் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். போக்குவரத்துக் காவல் அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள், பள்ளி நேரத்தில் கனரக வண்டிகளுக்கான தடை இறுக்கப்பட்டது. ஒரு குழந்தைக்கு ஓர் உத்தரவு. இந்த விலைப்பட்டியலை எங்காவது ஒட்டி வைத்தால் வசதியாக இருக்கும். எந்த ஊரில் எத்தனை பேர் போனால் பலகை, எத்தனை பேர் போனால் வேகத்தடை, எத்தனை பேர் போனால் அமைச்சர் நேரில் ஆய்வு என்று தெரிந்துவிட்டால் நாங்களும் அதற்கேற்ப ஆளைத் தயார் செய்துகொள்வோம்.

சென்னையில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பவர்களுக்கு, 2023 கதை. 2003ல் போட்ட 40 கிலோமீட்டர் வரம்பு இருபது வருடமாக யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல் கிடந்தது. ஜூனில் வேகம் அளக்கும் ரேடார் கருவிகளை வைத்ததும் நகரம் விழித்துக்கொண்டது. நாற்பதா, சைக்கிளே அதைவிட வேகமாகப் போகுமே என்று கார்க்காரர்கள் குமுறினார்கள். கமிட்டி போட்டார்கள். நவம்பர் 4 முதல் காருக்கு 60, பைக்குக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லாவற்றுக்கும் 30. இதை முடிவு செய்தது மாநகரக் காவல் துறை. மக்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த 200 கவுன்சிலர்களும் அவர்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த மேயரும் மற்றவர்களைப் போலச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். கார்க்காரர் குமுறியதும் கமிட்டி கூடுகிறது என்ற செய்தி அதில் எனக்குப் பிடித்தது. நடப்பவர்களுக்கு ஹாரன் இல்லை, அதனால் கமிட்டிக்குக் கேட்பதில்லை.

அந்த 30கூடச் சென்னைக் காவல் எல்லைக்குத்தான். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் தனி ஆணையரகம். இந்தப் பக்கம் வாழ்கிறவர்கள், வண்டி மோதும் முன் எந்த ஆணையரகத்தின் எல்லைக்குள் நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டு மோதப்படுவது உத்தமம்.

கோவிலம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் '20' என்று எழுதிய பலகை வேண்டும் என்று ஒருவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது எந்த அலுவலகத்திலும் நடந்ததாகச் சொல்லவில்லை. எந்த அலுவலகமும் தன்னைக் குறிக்கவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது.

"தலைவரே, ஸ்கூல் வாசல்ல ஒரு இருவது போர்டு வெச்சுக் குடுங்க. லாரிங்க பறக்குது."

"அண்ணே, எனக்கு மட்டும் புள்ளைங்க இல்லையா? ரோடு என்னுது இல்லண்ணே, ஹைவேஸ். நான் ஒரு போர்டு நட்டா நாளைக்கி என் மேலயே கேஸ் போடுவான்."

ஹைவேஸ் அலுவலகம். "சார், ரோடு எங்களுது. வேகம் எங்களுது இல்ல. போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க, போர்டு நாங்க நடறோம்."

காவல் நிலையம். "லிமிட் போடறதெல்லாம் மேல சார். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கமிட்டியில வெச்சாதான். கலெக்டர் ஆபீஸ் போங்க."

செங்கல்பட்டு. திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். வரிசை, டோக்கன், பச்சை மை முத்திரை. "மெட்ரோ வேலை நடக்குதே சார் அங்க. அது முடிஞ்சதும் ரோட்டை மொத்தமா சர்வே பண்ணுவாங்க." சில வாரத்தில் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிவைக்கப்பட்டு, முடித்துவைக்கப்பட்டது. எந்தத் துறைக்கு என்று பார்த்தால், ஊராட்சிக்கு.

இதில் யாரும் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். ஒவ்வொருவரும் சட்டப்படி சரியாகத்தான் பேசுகிறார்கள். 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை ஐந்து ஆண்டுகள் இந்தப் பகுதி ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே இல்லை, தனி அலுவலர்தான். அந்த நாட்களில் முதல் வசனத்தைப் பேசவும் ஆள் இல்லாமல், மனு நேராக இரண்டாம் காட்சியிலிருந்து தொடங்கியிருக்கும்.

சாலைப் பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்று இருப்பதற்கே ஒரு தமிழருக்கு நன்றி சொல்ல வேண்டும். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன், உடைந்த எலும்புகளை ஒட்டி ஒட்டிச் சலித்து, 2012ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2014ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் கமிட்டி வந்தது. 2017 நவம்பர் 30 அன்று, மாவட்டம்தோறும் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி, சாலைத் தணிக்கை என்று உத்தரவுகள் வந்தன. ஒரு மருத்துவர் கேட்டார், ஒரு நீதிமன்றம் அசைந்தது, மாவட்டம்வரை இறங்கி வந்தது. அங்கிருந்து ஊராட்சிக்கு இறங்கும் கடைசிப் படியைக் கட்ட மட்டும் சிமெண்ட் தீர்ந்துபோய்விட்டது.

மேலே சட்டம் கிடைக்காத ஊர் கீழே தானே சட்டம் செய்துகொள்ளும். கட்டட இடிபாட்டைக் கொட்டி, மேலே கலவை பூசி, ஒரே ராத்திரியில் தெருவுக்குக் குறுக்கே ஒரு திண்டு. தென்சென்னைப் புறநகரில் மக்கள் நேரடியாக இயற்றி, நேரடியாக நிறைவேற்றிய ஒரே சட்டம் இந்த வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு, அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டரில் உடம்பு அலுங்காமல் தாண்டும் வளைவு. நம் தெருத் திண்டு ஒரு முழ அகலத்தில் அரை அடி உயரம். வெள்ளைக் கோடு கிடையாது, விளக்கு கிடையாது. கர்ப்பிணிக்கு ஆபத்து, முதுகு போன ஆட்டோக்காரருக்கு ஆபத்து, இரவில் வரும் பைக்காரருக்கு உயிராபத்து. நான் அதைக் கொண்டாடவில்லை. ஆனால் சட்டவிரோத வேகத்தடை என்று கோபப்படும் அதிகாரிகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சட்டப்படியான வேகத்தடைக்கு வழி எங்கே என்று கேட்டால் மேலே எழுதிய நாலு வசனம்தான் பதில். முக்கியப் புள்ளிகள் வரும் நாளில் அந்தத் திண்டுகள் ராவோடு ராவாகச் செதுக்கி எடுக்கப்படுவதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அப்போது அனுமதி, கோப்பு, கமிட்டி ஒன்றும் குறுக்கே நிற்பதில்லை. ஓர் இரவில் சாலையை மாற்ற முடியும் என்பது இவர்களுக்குத் தெரியாதது அல்ல.

தண்டனையையும் பாருங்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாடு அபராதங்களை உயர்த்தியது, காரில் வேகமாகப் போனால் ஆயிரம் ரூபாய். அதே சட்டத்தில் 2019ல் சேர்ந்த 198ஏ என்ற பிரிவு, சாலையைப் பாதுகாப்புத் தரப்படி அமைக்காமல், பராமரிக்காமல் விட்டு அதனால் யாராவது இறந்தாலோ ஊனமானாலோ அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. ஓட்டியவனுக்கு ஆயிரம், சாலை போட்டவருக்கு லட்சம். செல்போனுக்குச் சலான் வருவது முதல் ஆளுக்கு. இரண்டாவது ஆளின் செல்போன் எண் எந்தக் கேமராவிலும் பதிவாகவில்லை போலும்.

வெளிநாட்டை இழுக்காமல் விட மனமில்லை. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, ஆட்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30தான் என்று பிரகடனம் செய்தது. நம் அமைச்சரும் போயிருந்தார். நல்ல குளிர்காலம். 2021ல் ஜெர்மனியில் ஏழு நகரங்கள் சேர்ந்து, எங்கள் தெருக்களுக்கு 30 வைக்கும் உரிமையை எங்களுக்கே கொடு என்று ஒன்றிய அரசைக் கேட்டன. பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரங்களும் ஊர்களும் அதில் சேர்ந்தன. கார் செய்து உலகத்துக்கே விற்கும் நாட்டில்கூட ஊர்கள் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்பது ஓர் ஆறுதல். வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல் குடியிருப்புச் சாலைகளில் 30 மைல் 20 மைலானது, எந்தச் சாலைக்கு விலக்கு என்பதை உள்ளூர் கவுன்சில் முடிவு செய்யும். கோபப்பட்டு நாலரை லட்சம் பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். எனக்கு அந்தக் கையெழுத்துகள் மேல் பொறாமை. யார் மேல் கோபப்பட வேண்டும் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கே ஒருவன் கோபத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்து அலுவலகம் ஏறி இறங்கினால், கடைசியில் அது பெட்ரோல் செலவாகத்தான் மிஞ்சும்.

ஊருக்கு ஊர் ஒரு வேகம் வைத்தால் குழப்பம் வரும் என்பார்கள். மடிப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் போவதற்குள் மூன்று உள்ளாட்சிகளை வைத்தபோது வராத குழப்பமா? தலைவர் தன் வீட்டு வாசலுக்கு மட்டும் பலகை வைத்துக்கொள்வார் என்பார்கள். வைத்துக்கொள்ளட்டும், ஒரு வாசலாவது பிழைக்கும். லாரி முதலாளி ஊராட்சியை விலைக்கு வாங்கிவிடுவார் என்பார்கள். இது கொஞ்சம் கனமான கேள்வி, தலைவர் வீட்டிலேயே லாரி நிற்கும் ஊர்களும் இருக்கும். ஆனால் அந்தத் தலைவரைத் தெருவில் நிறுத்திக் கேட்கலாம், கிராம சபையில் மைக்கைப் பிடுங்கிக் கேட்கலாம், ஐந்து வருடத்தில் வீட்டுக்கு அனுப்பலாம். அரசிதழை எந்தத் தெருவில் நிறுத்துவது? இன்னும் பயமாக இருந்தால், உச்சவரம்பைக் குறைக்க மட்டும் அதிகாரம், ஏற்ற அதிகாரம் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். மெதுவாகப் போகச் சொல்லும் அதிகாரத்தை வைத்து ஒரு ஊராட்சி எத்தனை பெரிய ஊழலைச் செய்துவிடும்?

ஆண்டுக்கு ஆறு கிராம சபை. 2022ல் கூடுதலாகச் சேர்த்த இரண்டில் ஒன்றுக்கு, நவம்பர் 1க்கு, உள்ளாட்சிகள் தினம் என்றே பெயர். அன்று கைதட்டலும் கேடயமும் சால்வையும் உண்டு. அந்த நாளில் வைக்கத் தக்க தீர்மானத்தை இலவசமாக எழுதித் தருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 112வது பிரிவின்படி, தன் எல்லைக்குள் வேகத்தைக் குறைக்க அதிகாரம் பெற்ற அமைப்பாக இந்த ஊராட்சியை அறிவிக்க மாநில அரசைக் கோருவது. அது முடியாதென்றால், அடிபடுகிறவர்களின் வகையில் ஊராட்சிக்குள்ள மற்ற கடமைகளையும், விளக்கு, கழுவல், எரிமேடை உட்பட, வேகத்தை வைத்திருக்கும் துறையே ஏற்றுக்கொள்ளக் கோருவது. முன்மொழிய ஆள் கிடைக்கும். வழிமொழிய ஆஸ்பத்திரியிலிருந்தும் வருவார்கள்.

தீர்மானம் கோட்டைக்குப் போய்ச் சேர வருடமாகும் என்பது தெரியும். அதற்கும் அந்தச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது, யாரும் தொடாமல் புதுசாகவே இருக்கிறது. 112வது பிரிவின் விலக்கு, கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காதென்றால் அரசிதழ் அறிவிப்பே வேண்டாம் என்கிறது. அச்சகம் வேண்டாம், தில்லி வேண்டாம். ஒரே ஒரு மாதம், கோவிலம்பாக்கம் எல்லைக்குள் மெயின் ரோட்டில் 30, பள்ளிக்கூட வாசலில் 20. பலகைச் செலவை ஊராட்சி பொதுநிதி தாங்கும், தாங்காவிட்டால் வசூல் செய்து தருகிறோம், தெருவுக்கு நூறு ரூபாய் போட இங்கே யாரும் யோசிக்க மாட்டார்கள். குறையாகக் கிடப்பது ஒரு கையெழுத்து. அந்தப் பேனா மாநில அரசிடம் இருக்கிறதா, ஆணையரிடமா, ஆட்சியரிடமா, நெடுஞ்சாலைத் துறையிடமா என்று யாராவது ஒருவர் அலுவலக முத்திரையோடு ஒரே வரியில் எழுதித் தெரிவித்தால் போதும், மனுவின் 'பெறுநர்' இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறோம், அவர் பெயரையே எழுதிவிடுகிறோம்.